விசாரிக்காமல் சோறு: வடலூர் தருமச்சாலையின் கணக்கு வழக்கு

வடலூர் சத்திய தருமச்சாலையின் அடுப்பு 21 அடி நீளம். அகலம் இரண்டரை அடி, ஆழமும் இரண்டரை அடி. 1867ஆம் ஆண்டு மே 23, வியாழக்கிழமை இராமலிங்க அடிகள் மூட்டிய நெருப்பு அதில் இன்னும் அணையவில்லை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது இந்த அடுப்பைத்தான். கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், ஒரு கட்டை விறகை எடுத்து உள்ளே தள்ளுகிறார்கள், சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள்.

நெருப்பை அணையாமல் வைத்திருப்பது உண்மையில் அவ்வளவு பெரிய வித்தையில்லை. தணலைச் சாம்பலால் மூடிவைத்தால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். காலையில் கிளறி, சுள்ளியும் சருகும் போட்டால் பற்றிக்கொள்ளும். நாட்டுப்புறத்து வீடுகளில் தீப்பெட்டி மிச்சம் பிடிக்க எல்லாரும் செய்த காரியம்தான். ஒன்றரை நூற்றாண்டாக அந்த நெருப்பின் மேல் ஒவ்வொரு நாளும் அரிசி ஏற்றுவதுதான் கடினம். அரிசி எங்கிருந்து வருகிறது, யார் கணக்கு வைப்பது, எத்தனை பேருக்கு உலை வைப்பது, யாருக்குப் போடுவது, யாருக்கு இல்லை என்பது? கடைசிக் கேள்விக்கு 1867இலேயே பதில் சொல்லியாகிவிட்டது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த ஒரு பதிலிலிருந்துதான் பிறக்கிறது.

இராமலிங்கர் பிறந்தது சிதம்பரம் பக்கத்து மருதூரில், 1823 அக்டோபர் 5. வளர்ந்தது சென்னையில். முப்பது வயதைத் தாண்டிய பிறகு பட்டணத்தை விட்டு வந்து, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் கண்டார். தருமச்சாலை வைக்க இடம் வேண்டும் என்று கேட்டபோது, வடலூரை ஒட்டிய பார்வதிபுரத்துக் குடிகள் சேர்ந்து 80 காணி எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காணி 1.32 ஏக்கர், ஆக ஏறத்தாழ 106 ஏக்கர். ஒரு ஜமீனோ ஒரு செட்டியாரோ தனியாகக் கொடுத்த தானம் அல்ல, ஊரார் பலர் கூடிக் கொடுத்தது. பின்னால் வரும் வழக்குக்கெல்லாம் வேர் இங்கே இருக்கிறது.

முதலில் எழுந்தது மண்சுவரும் கூரையும்தான். பெயர் சமரச வேத தருமச்சாலை. 1872இல் அதைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய தருமச்சாலை என்று அவரே மாற்றினார். அதே ஆண்டு ஜனவரி 25, தைப்பூசத்தன்று எண்கோண வடிவில் சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. வரிசையைக் கவனிக்க வேண்டும். அடுப்படி வந்து நான்கரை ஆண்டு கழித்துத்தான் சபை வந்தது. இன்று வடலூர் என்றதும் தைப்பூச ஜோதியும் ஏழு திரைகளும் நினைவுக்கு வருகின்றன. கட்டியவரின் முன்னுரிமை அப்படி இல்லை.

சாலை தொடங்கிய அன்று அங்கே வாசித்துக் காட்டப்பட்டது ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடையின் முதல் பகுதி. பக்தி நூல் வரிசையில் வைத்து அதைப் படிக்கிறவர்கள் உண்டு. அதை ஒரு நிறுவனத்தின் விதிமுறைக் கையேடாகவும் படிக்கலாம், அப்படிப் படித்தால்தான் சாலை புரியும். உயிர்களுக்கு வரும் துன்பங்களை அது ஏழாகப் பிரிக்கிறது: பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை. இவற்றில் பசியையும் கொலையையும் நீக்குவது முதல் தரம். மற்ற ஐந்தையும் நீக்குவது அதற்கு அடுத்த படி. எளிமை என்றால் இன்றைய பேச்சில் வறுமை. ஆக, வறுமையை ஒழிப்பது இந்தச் சாலையின் முதல் வேலை அல்ல. பசியை நீக்குவதுதான். இரண்டும் ஒன்றல்ல என்பதில் எழுதியவருக்குக் குழப்பமே இல்லை. ஏழை எல்லா நேரமும் பசித்திருப்பதில்லை, பசித்தவர் எல்லாரும் ஏழையும் இல்லை. மிச்சத்துக்கெல்லாம் நாள் கணக்கு உண்டு, பசிக்கு மணிக் கணக்கு. கண் பஞ்சடைவது, காது அடைப்பது, நாக்கு உலர்வது, கைகால் துவள்வது என்று பசியின் படிநிலைகளை உறுப்பு உறுப்பாக அந்த உரை வரிசைப்படுத்துகிறது. பட்டினியைப் பக்கத்திலிருந்து பார்க்காத ஒருவரால் அப்படி எழுத முடியாது.

இந்த வேறுபாடு வெறும் தத்துவம் அல்ல, நிர்வாகம். வறுமையைப் போக்குகிறோம் என்று கிளம்பும் அறக்கட்டளை முதல் நாளே ‘யார் ஏழை’ என்று வரையறுக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் அங்கிருந்து தொடங்குகின்றன. பசியைத் தீர்க்கிறோம் என்று கிளம்பினால் இந்தக் கேள்வியே எழாது. இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததே சான்று. எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன செய்கிறவர் என்று பேதித்து விசாரிக்காமல் பசி தவிர்க்க வேண்டும் என்பது உரையின் நேரடி விதி. ‘என்ன செய்கிறவர்’ என்பதையும் சேர்த்திருப்பதுதான் நுட்பம். குடிகாரனா, சோம்பேறியா, திருடனா என்ற விசாரணையையும் அது சேர்த்தே விலக்கிவிடுகிறது.

இதில் அவரே தன்னைச் சோதித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. உயிர்க்கொலையும் புலால் உணவும் உடையவர்களை இராமலிங்கர் தம் இனத்தாராகக் கொள்ளவில்லை. புறவினத்தார் என்றே சொல்கிறார். ஆனால் அவர்களுக்கும் பசியை மட்டும் தவிர்த்துவிடு, மற்ற உபதேசம் வேண்டாம் என்கிறார். கொள்கையில் விட்டுக்கொடுக்காதவர் பந்தியில் மட்டும் விட்டுக்கொடுக்கிறார். இன்றைக்கும் சாலையில் சைவச் சாப்பாடுதான். சாப்பிட வருகிறவர் வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு விலகிய போக்கு என்பதை உணர, பக்கத்தில் என்னென்ன இருந்தன என்று பார்க்க வேண்டும். சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மராட்டியர் கட்டியவை பெயர்பெற்றவை. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சத்திரங்கள் வழிப்போக்கருக்குச் சோறு போட்டன. ஆனால் பல சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி, சாதிக்கொரு சமையல். இன்னொரு பக்கம் அரசின் பஞ்ச நிவாரணம். சாலை தொடங்கிப் பத்தாண்டுக்குள் 1876–78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பிடித்தது. 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் வந்து நிவாரண வேலையாட்களின் கூலியைக் குறைத்தார்: ஆண் ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்க நாள் முழுதும் மண் சுமக்க வேண்டும். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இந்த அளவு உயிர் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். நிவாரணம் கேட்டு வருகிறவன் நிஜமாகவே வழியற்றவன்தானா என்று பார்க்க, வேலையைக் கடுமையாகவும் இடத்தைத் தொலைவாகவும் வைப்பது அன்றைய ஆட்சியின் முறை. சோதனையில் தேறுகிறவன் உடம்பில் தெம்புள்ளவன். தெம்பில்லாதவன் வழியிலேயே விழுந்தான். சோதனை வைத்து வடிகட்டினால் முதலில் வடிந்துபோவது யார் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தமிழ்நாட்டு வரலாற்றில் இல்லை.

‘விசாரிக்காமல் போட்டால் ஏமாற்றுகிறவர்கள் வருவார்களே’ என்பது எல்லா அன்னதானக் குழுக்களிலும் எழும் கேள்வி. வருவார்கள். சும்மா எண்ணிக்கைக்காக ஒரு கணக்குப் போடுவோம். மதியம் 500 பேர் சாப்பிடுகிறார்கள், ஒரு சாப்பாட்டின் அடக்கம் 40 ரூபாய். அதில் இருபதில் ஒருவர் வசதியுள்ளவர் என்று வைத்தால் 25 சாப்பாடு, ஆயிரம் ரூபாய். அந்த 25 பேரை வாசலில் இனம் பிரிக்க ஒரு ஆள், ஒரு மேசை, ஒரு பதிவேடு வேண்டும். ஆளின் ஒருநாள் சம்பளமே அந்த ஆயிரத்தைத் தின்றுவிடும். அதோடு, பதிவேட்டில் பெயர் சொல்லக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள் அல்ல. இன்னொன்று, சோற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பணத்தைப் பதுக்கலாம், அரிசியை விற்கலாம். பரிமாறிய சோற்றை அங்கேயே உட்கார்ந்து தின்றாக வேண்டும். இரண்டாம் முறை வாங்க வயிறு இடம் கொடுக்காது. கீழே உட்கார்ந்து, பக்கத்தில் யார் என்று பார்க்காமல், கொடுத்ததைச் சாப்பிட ஒப்புக்கொள்வதே ஒரு வடிகட்டி. வசதியுள்ளவர் அங்கே ஒருவேளை உட்காருவதும் நல்லதுதான். வடலூரில் அவர்களும் உட்காருகிறார்கள், எழுந்து போகும்போது ஒரு மூட்டை அரிசிக்குச் சீட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

விசாரணை இல்லை என்றால் விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது: இன்று எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. கோயில்களில் 2002இல் தொடங்கிய அரசின் அன்னதானத் திட்டத்தில் பெரும்பாலும் மதிய வேளைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வகுத்து, டோக்கன் கொடுத்து உட்காரவைப்பார்கள். எண்ணிக்கை முடிந்தால் கதவு மூடும். சமையற்காரருக்கு நிம்மதி. டோக்கன் இல்லாத சாலையில், அதுவும் மூன்று வேளை போடும் சாலையில், அந்த நிம்மதி கிடையாது. வடலூர் நாற்சந்தி ஊர். கடலூர்–விருத்தாசலம் சாலையும், பண்ருட்டிப் பக்கமிருந்து கும்பகோணம் போகும் சாலையும் அங்கே வெட்டிக்கொள்கின்றன, பக்கத்தில் நெய்வேலி. தருமச்சாலையிலேயே தங்கிச் சாப்பிடும் முதியவர்கள், சாதுக்கள், மனநலம் குன்றியவர்கள் என்று ஒரு நிலையான கூட்டம். பேருந்து மாறுகிறவர்கள், சபைக்கு வருகிறவர்கள் என்று ஏறியிறங்கும் ஒரு கூட்டம். மாதப் பூசத்தன்று எண்ணிக்கை பல மடங்கு. தைப்பூசத்தில் லட்சக் கணக்கு. அன்று ஊரெங்கும் பந்தல் போட்டு ஆளாளுக்குச் சோறு போடுவதால் சாலையின் சுமை பிரிந்துவிடுகிறது.

தெரியாத எண்ணிக்கைக்குச் சமைப்பதில் அனுபவசாலிகள் பின்பற்றும் முறை ஒன்றுதான்: ஒரே மூச்சில் சமைக்காதே. 500 பேர் என்று மனக்கணக்கு இருந்தால் முந்நூறு பேருக்கு உலை ஏறும். இரண்டாம் பந்தி உட்காரும்போது அடுத்த அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், அரிசி களைந்து கூடையில் தயாராக இருக்கும். கூட்டம் தொடர்ந்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் களைந்த அரிசி மாலைக்குப் போகும். கொதிக்கும் தண்ணீரில் புழுங்கலரிசி வேக அரைமணி முதல் முக்கால் மணி ஆகும். ஒரு பந்தி உட்கார்ந்து எழ இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆகவே எப்போதும் ஒன்றரைப் பந்தி முன்னால் இருக்க வேண்டும். நீள அடுப்பின் அருமை இங்கேதான் தெரியும். ஒரே தணல் வரிசையில் ஒரு முனையில் சோறு வடிகிறது, நடுவில் சாம்பார், மறுமுனையில் வெறும் வெந்நீர். நெருப்பை மூட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. அணையாத அடுப்பில் வேகாத நேரம் என்று ஒன்று இல்லை.

அளவுகளைச் சொல்லிவிடலாம். கல்யாணச் சமையலில் நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி என்று கணக்கிடுவார்கள். அங்கே பாயசம், வடை, அப்பளம், நாலு கூட்டு பொரியல் உண்டு, சோறு பாதி வயிற்றுக்குத்தான். பசித்து வருகிறவர்களின் பந்தியில் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். நூறு பேருக்குப் பதினைந்து கிலோ, கூலி வேலைக்காரர்கள் அதிகம் என்றால் பதினெட்டு. சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ, புளி அரைக் கிலோவுக்குச் சற்று மேல், காய் ஏழெட்டுக் கிலோ. கூட ஒரு பொரியல், ரசம், மோர். ஒரே பாத்திரத்தில் இருபத்தைந்து கிலோ அரிசிக்கு மேல் போடக் கூடாது. போட்டால் அடிச்சோறு குழையும், மேல்சோறு விதைவிதையாக நிற்கும். துடுப்பு போட்டுக் கிளறினால் நடுவில் உடையும். பெரிய அண்டா வாங்கிக் கொடுக்கத்தான் கொடையாளிகளுக்கு ஆசை, அதில் பெயர் வெட்டலாம். நடுத்தர அண்டா நாலு வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிப் புரியவைப்பது சிரமம்.

சமைத்த சோற்றில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு, பலர் அதைக் கெட்டுப்போன வாசனை வந்தால்தான் நம்புகிறார்கள். வெந்த சோறு வெதுவெதுப்பாக நாலு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால், அரிசியிலேயே இருக்கும் ஒருவகை நுண்ணுயிர் பெருகி நச்சைக் கக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. வாசனையும் மாறியிருக்காது. ஒரே நேரத்தில் சமைத்து மாலைவரை வைத்திருப்பதைவிட ஈடு ஈடாகச் சமைப்பது நல்லது என்பதற்கு இது இரண்டாவது காரணம். மீந்த சோற்றில் உடனே தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கிவிடுவது நம் வீடுகளின் பழைய விடை. வெளியிலிருந்து சமைத்துக் கொண்டுவந்து ‘இதையும் போடுங்கள்’ என்று நீட்டப்படும் தவலைகளை எந்த அன்னதானக்கூடமும் வாங்கத் தயங்க வேண்டியது இதனால்தான். கொண்டுவந்தவர் மனம் நோகும். எத்தனை மணிக்கு இறக்கியது என்று அவருக்கே தெரியாதபோது வேறு வழியில்லை. பச்சைப் பொருளாகக் கொடுங்கள் என்பதுதான் பொதுவிதி.

பச்சைப் பொருளிலும் சிக்கல் உண்டு. ஒரே நாளில் இருபது பேர் ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி இறக்குகிறார்கள். ஒன்று புது அரிசி, ஒன்று ஓராண்டு பழசு, ஒன்று பொன்னி, ஒன்று குண்டரிசி, ஒன்று ரேஷன் அரிசி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி உலையில் போட்டால் புது அரிசி களியாகும், பழைய அரிசி வேகாது. சாப்பிடுகிறவர் சமையற்காரரைத் திட்டுவார். சேமிப்பு அறையில் மூட்டைக்குத் தேதியும் வகையும் எழுதி, முன்னால் வந்ததை முன்னால் எடுத்து, ஒரு உலைக்கு ஒரே வகை என்று பிரித்தால்தான் சோறு சோறாக இருக்கும். கலந்துபோனதும் நொறுங்கியதும் கஞ்சிக்கும் பொங்கலுக்கும் போக வேண்டும். மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி மரச்சட்டத்தில் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளிவைப்பது, ஈரப்பதம் ஏறிய மூட்டையை வெயிலில் காட்டுவது, வண்டு விழுந்ததைச் சல்லடையில் போடுவது எல்லாம் பிறகு. கடற்கரை மாவட்டத்தின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூன்று மாதத்துக்கு மேல் அரிசியைக் குவித்துவைப்பதே தவறு. தையில் அறை நிறைந்து வழியும். ஆனி, ஆடியில் அரிசி இருக்கும், பருப்பும் எண்ணெயும் இருக்காது. கொடுக்கிறவர்கள் மனதில் தானம் என்றால் அரிசி; உப்பும் மிளகாயும் பாத்திரம் துலக்கும் தூளும் யார் மனதிலும் வருவதில்லை. நன்றாக நடக்கும் அன்னதானக்கூடங்கள் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி ‘இன்று தேவை’ என்று எழுதிவைக்கின்றன. அந்தக் கரும்பலகை பத்து உண்டியலுக்குச் சமம்.

விறகும் அப்படித்தான். வெட்டி ஆறு மாதமாவது காய்ந்த விறகுதான் எரியும். பச்சை விறகு போட்டால் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், கூடவே புகை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள், மழைக்காலத்துக்கு வேண்டியது கூரையின் கீழ் ஏறியிருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் சவுக்குக்கும் முந்திரிக்கும் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அந்தக் கரையைக் கடந்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து மாவட்டமே விறகாகக் கிடந்தது. அவ்வளவும் பச்சை விறகு. புயலடித்த அன்றைக்கு அடுப்புக்கு உதவுவது போன கோடையில் அடுக்கிய விறகுதான். எரிவாயுவுக்கு மாறினால் புகையும் சிரமமும் குறையும் என்று சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நெருப்பைத் தொடர்ந்து காக்கும் கடமை விறகு அடுப்பில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எரிகிற அடுப்பின் மேல் வெறும் இடம் இருந்தால் பார்க்கிற எவருக்கும் உறுத்தும். சிலிண்டரை மூடிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது.

பணத்தின் கதை வேறு. கோயில்களைப் போலவே அன்னதானக்கூடங்களிலும் ‘கட்டளை’ முறை உண்டு: ஒரு தொகையை வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒருநாள் தன் பெயரில் சோறு. பிறந்தநாள், திருமணநாள், பெற்றோர் திதி. இரண்டு இடங்களில் இது இடிக்கிறது. முதலாவது, நாட்கள். அமாவாசைக்கும் பூசத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆள் மேல் ஆள். சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு யாரும் இல்லை. பசிக்குச் செவ்வாய் ஞாயிறு கிடையாது. ஆகவே குறிப்பிட்ட நாளுக்கு என்று வரும் பணத்தை அந்த நாளின் தேவைக்கு மேல் மற்ற நாட்களுக்கும் எடுக்கலாம் என்று முதலிலேயே ரசீதில் அச்சடித்துவிட வேண்டும். பிறகு கேட்டால் சண்டை. இரண்டாவது, விலைவாசி. பத்தாயிரம் ரூபாய் வைப்பு, ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு எழுநூறு ரூபாய். சாப்பாடு ஐந்து ரூபாய் அடக்கமாக இருந்த காலத்தில் அது நூற்று நாற்பது பேருக்குச் சோறு. நாற்பது ரூபாய் அடக்கத்தில் பதினேழு பேர். கட்டளைக்காரரின் பேரன் வந்து ‘தாத்தா நூறு பேருக்கு எழுதிவைத்தார், எங்கே நூறு பேர்’ என்று கேட்டால் கணக்குப்பிள்ளை என்ன சொல்வார்? ‘நிரந்தரம்’ என்ற சொல்லை ரசீதில் எழுதும்போது கை நடுங்க வேண்டும். வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்தால் ஓரளவு தாங்கும். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. இந்தக் கணக்கில் தவறாதது எது என்று பார்த்தால், வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் போடும் சில்லறையும் ஊர்ஊராகச் சன்மார்க்க சங்கங்கள் அனுப்பும் அரிசியும்தான். விலை ஏறினாலும் ஒரு மூட்டை அரிசி ஒரு மூட்டை அரிசிதான்.

நிர்வாகம் இப்போது இந்து சமய அறநிலையத் துறையின் கையில், செயல் அலுவலர் ஒருவரின் பொறுப்பில். வள்ளலார் தெய்வ நிலையங்கள் என்று பெயர். சன்மார்க்கிகளுக்குள் இது தீராத விவாதம். சாதி சமயம் கடந்தது என்று நிறுவியவர் சொன்ன இடம் ஒரு சமயத்தின் துறைக்குள் எப்படி என்பது ஒரு தரப்பு. தணிக்கையும் பதிவேடும் இருப்பதால்தான் சொத்து இந்த அளவாவது மிஞ்சியது என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தருமச்சாலையைப் பொறுத்தவரை, துறை வந்ததாலோ வராததாலோ பந்தி நின்றதில்லை.

நின்றுபோனவை வேறு. சாலையோடு சேர்த்து வைத்தியசாலை, பாடசாலை என்று கிளைகளாகப் பலவற்றை இராமலிங்கர் எண்ணியிருந்தார். அவற்றுக்கு ஆசிரியர் வேண்டும், வைத்தியர் வேண்டும், பொறுப்பாக உட்கார ஒருவர் வேண்டும். 1870இல் அவர் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துக்குப் போய்விட்டார்; 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் சென்றவர் திரும்பவில்லை. அவர் பெயரில் எத்தனையோ பள்ளிகளும் மருத்துவமனைகளும் பிறகு எங்கெங்கோ எழுந்தன. அவர் இல்லாமலும் அன்றிலிருந்து தொடர்ந்து ஓடியது சமையற்கட்டு ஒன்றுதான். பேராளுமை இல்லாமல் நடக்கக்கூடிய வேலை அது: காய் அரிய, அரிசி களைய, பரிமாற யார் வேண்டுமானாலும் வரலாம், நாளைக்கு வேறு ஆள் வரலாம்.

நிலத்துக்கு வருவோம். பார்வதிபுரத்தார் கொடுத்த 80 காணியில் சபைக்கு முன்னால் விரியும் வெட்டவெளிக்குப் பெருவெளி என்று பெயர். கட்டடம் இல்லாத அந்த இடம் வீணாகக் கிடக்கிறது என்று பார்க்கிற கண்ணுக்குத் தோன்றும். தைப்பூசத்தன்று லட்சம் பேர் நின்று ஜோதி பார்க்க அதுதான் இடம். வண்டி வண்டியாக வரும் அரிசியும் காயும் இறங்குவதும் பந்தல்கள் எழுவதும் அதைச் சுற்றித்தான். 2022 அக்டோபர் 5 முதல் ஓராண்டு, வள்ளலார் பிறந்த 200ஆம் ஆண்டையும் சாலை தொடங்கிய 156ஆம் ஆண்டையும் ஜோதி தரிசனத்தின் 152ஆம் ஆண்டையும் சேர்த்து அரசு முப்பெரும் விழா கொண்டாடியது. 52 வாரம் அன்னதானமும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 99.90 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. பள்ளம் தோண்டத் தொடங்கியதும் ஏப்ரலில் பார்வதிபுரம் மக்கள் போராட வந்தார்கள். எங்கள் முன்னோர் வெளியாக இருக்கக் கொடுத்தது, கட்டடம் கட்ட அல்ல என்பது அவர்கள் வாதம். மையம் வேண்டும், வேறிடத்தில் கட்டுங்கள் என்றார்கள். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பழைய நிலத்தில் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளைப் பற்றிய கேள்வியும் கூடவே எழுந்தது. ஒரு ஜமீன்தார் கொடுத்திருந்தால் அவர் வாரிசு ஒருவரோடு பேசி முடித்திருக்கலாம். ஊரே கொடுத்ததால் ஊரே வாரிசு.

தருமச்சாலையைப் பார்த்து வேறு ஊர்களில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வேளைச் சோற்றோடு தொடங்கி ஆறு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நீடிப்பவை காலைக் கஞ்சியோடு தொடங்கியவை. தமிழ்நாடெங்கும் சன்மார்க்க சங்கங்கள் தெருவோரத்தில், அரசு மருத்துவமனை வாசலில் மூலிகைக் கஞ்சி ஊற்றுவதைக் காணலாம். ஒரு கிலோ நொய்யில் எட்டு முதல் பத்து லிட்டர் கஞ்சி வரும். முந்நூறு மில்லி குவளையில் முப்பது பேருக்கு. சீரகம், மிளகு, பூண்டு, முருங்கைக்கீரை அல்லது தூதுவளை, உப்பு. இரண்டு ஆள், ஒரு அடுப்பு, ஒரு தள்ளுவண்டி போதும். ஐந்தரைக்கு உலை வைத்தால் ஏழு மணிக்கு ஊற்றலாம். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதலில் கொடுக்க வேண்டியதும் இதுதான். சுருண்ட வயிற்றில் எடுத்த எடுப்பில் குழம்புச் சோறு போட்டால் உடம்பு தாங்காது. குவளையை மட்டும் காகிதத்தில் வாங்காமல் எவர்சில்வரில் நூறு வாங்கிவிட வேண்டும். முதல் மாதச் செலவு கூடும். நாலாம் மாதத்திலிருந்து அந்தப் பணத்தில் வாரத்துக்கு இன்னும் ஒரு மூட்டை நொய் சேரும்.